நூற்று நாற்பத்து நான்கு பேர்

“சார், நேத்து ஒரே நாள்ல நூத்தி நாப்பத்தி நாலு பேர்!”

பல் டாக்டர் கத்திய கத்தலில் சர்வர் சார் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“எங்க டாக்டர்? கிளினிக்குக்கா?”

“வெப்சைட்டுக்கு சார், வெப்சைட்டுக்கு! முன்னாடியெல்லாம் எத்தனை பேர் வருவாங்க தெரியுமா? ஒரு நாளைக்கு மூணு பேர். அதுல ஒண்ணு நான். இன்னொண்ணு என் வீட்டுக்காரி. மூணாவது யாருன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.”

“சந்தோஷம் டாக்டர்.”

“சந்தோஷம்னு சாதாரணமா சொல்றீங்களே! நீங்க மனுஷன் இல்ல சார், மந்திரவாதி!”

போனை வைத்த சர்வர் சார் ஒரு நிமிடம் மிதந்தார். அடுத்த நிமிடம், பழக்க தோஷத்தில், கை தானாக ஒரு காகிதத்தை இழுத்து 144 என்று எழுதியது. எழுதிய எண்ணைச் சும்மா விட அவருக்குத் தெரியாது. ஆறால் வகுத்தார். இருபத்து நான்கு வந்தது. பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

ஏன் போட்டார் என்று சொல்வதற்கு முன் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் ஒரு டயர் கம்பெனிக் கிடங்கில் இருப்பைச் சரிபார்த்தவர். புத்தகத்தில் எத்தனை டயர், தரையில் எத்தனை டயர் என்று எண்ணி, இரண்டுக்கும் நடுவில் நூற்றுக்கு ஐந்துக்குள் வித்தியாசம் இருந்தால் ‘ஒத்துவருகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. அந்த ஐந்துக்குச் சேதாரம் என்று பெயர். அவர் கையெழுத்து விழுந்த கணக்கைப் பிறகு முதலாளியே வந்து எண்ணினாலும் மாற்ற முடியாது. ஒருமுறை சேதாரத்துக்கு மேல் ஒரே ஒரு வால்வு மூடி குறைந்ததற்காக முழுக் கிடங்கையும் பூட்டி, நாற்பது பேரைத் தரையில் தவழவிட்டவர்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வீடியோ பார்த்தார். யாருடைய காரிலோ சாய்ந்தபடி ஒரு இளைஞன் சொன்னான்: “கடைக்காரங்களோட வெப்சைட்டையெல்லாம் உங்க சர்வர்ல வாங்கி வைங்க. விழாம பாத்துக்கோங்க. மாசா மாசம் வாடகை. ஒரு தடவை ஆளைப் பிடிச்சா போதும். நீங்க தூங்குவீங்க, பணம் தூங்காது.”

சாப்பாட்டு டப்பாவை மூடும்போதே அவர் மனதால் ராஜினாமா செய்துவிட்டார். காகிதத்தில் செய்தது மறுநாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி கத்தவில்லை, அழவில்லை. அவள் வேலையே ஊசியை வலிக்காமல் ஏற்றுவதுதான்.

“ஆறு மாசம் தர்றேன். பத்து கஸ்டமர் பிடிச்சுக் காட்டுங்க. அப்புறம் உங்க இஷ்டம். பத்து வரலைன்னா மறுபேச்சில்லாம எங்கண்ணன் கடைக்குப் போயிடணும்.”

“எட்டு வந்தா?”

“பத்து.”

“நூத்துக்கு அஞ்சு சேதாரம்…”

“அதெல்லாம் டயருக்கு. பத்துன்னா பத்து.”

அண்ணன் கடை என்பது தண்ணீர் பம்பு விற்கும் கடை. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மஞ்சள் பனியன் போட வேண்டும். முதுகில் ‘தண்ணீர் வரவில்லையா? என்னைக் கேளுங்கள்’ என்று எழுதியிருக்கும். மச்சான் ஏற்கெனவே ஒரு பனியனைக் கொண்டுவந்து அவர் முதுகில் வைத்து அளவு பார்த்துவிட்டுப் போயிருந்தார். ‘சர்வர் சார்’ என்ற பட்டமும் மச்சான் கொடுத்ததுதான். “மாப்ள சர்வர் வேலைக்குப் போறாராமே, எந்த ஹோட்டல்ல?” என்று ஒரு கல்யாண வீட்டில் அவர் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபது வருடம் யாரும் கேள்வி கேட்காத மனிதருக்கு, முதுகைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொல்லும் அந்தப் பனியனை நினைத்தாலே கூசியது. அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தார்.

ஐந்து மாதத்தில் எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். ஆறாவது மாதத்தின் ஒன்றாம் தேதி இரண்டு காரியங்கள் செய்தார்.

முதல் காரியம், எட்டு வெப்சைட்டையும் பழைய மலிவு சர்வரிலிருந்து பெயர்த்து நல்ல சர்வரில் வைத்தார். பழைய இடத்தில் பல் டாக்டரின் பக்கம் திறப்பதற்குள் பல்வலி தானாக நின்றுவிடும். மெத்தைக்கடைக்காரரோ தன் ஐம்பத்தாறு மெத்தைகளையும் முதல் பக்கத்திலேயே விரித்துப் போட்டிருந்தார். சர்வர் சார் நான்கு நாள் உட்கார்ந்து படங்களைச் சுருக்கினார், செத்த பக்கங்களை எடுத்தார், போன் நம்பரை உச்சியில் பெரிதாக வைத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தன.

இரண்டாவது காரியம், அன்றைக்கே ஒரு காவல் ரோபோவுக்குப் பதிவு செய்தார். அது ஒரு இலவசச் சேவை. சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அதிலுள்ள ஒவ்வொரு வெப்சைட்டையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும். விழுந்து கிடந்தால் மட்டும் செய்தி அனுப்பும். எல்லாம் சரியாக இருந்தால் தொந்தரவு செய்யாது. அன்றிலிருந்து ஒரு செய்திகூட வரவில்லை. தன் சர்வர் பாறை மாதிரி நிற்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை.

இப்போது கணக்குக்கு வாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு ஆறு முறை. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம். ஆறு இருபத்து நான்கு நூற்று நாற்பத்து நான்கு.

சர்வர் சார் டாக்டரின் பழைய நாள்களைப் புரட்டினார். 141. 147. 139. 150. சராசரி எடுத்தார். நூற்று நாற்பத்து நான்கு, கொசுறாகப் புள்ளி இரண்டு. எல்லா நாளும் சேதாரத்துக்குள்.

“ஒத்துவருது,” என்று முனகினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவருக்குக் கசந்தது.

வந்தவர்கள் மனிதர்கள் இல்லை. அவர் வைத்த காவல்காரனே வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதை எண்ணித்தான் டாக்டர் துள்ளிக் குதிக்கிறார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் நைசாகப் பேச்சை எடுத்தார்.

“இங்க பாரு, ஒரு சந்தேகம். ஒரு கடையில வாட்ச்மேனே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ள எட்டிப் பாக்கறான்னு வச்சுக்க. அவனையும் வந்த ஆளுன்னு கணக்கெழுதலாமா?”

“அவன் ஏதாவது வாங்கறானா?”

“வாங்கல.”

“அப்ப எழுதினவன் ஃபிராடு. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“எத்தனை கஸ்டமர் ஆச்சு?”

“எட்டு.”

“இன்னும் பதினெட்டு நாள் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.

ரோபோவை நிறுத்திவிடலாம்தான். ஆனால் அவருடைய நோட்டீஸில் ‘இருபத்து நான்கு மணி நேரக் காவல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதைவிட முக்கியம், நிறுத்தினால் எண்ணிக்கை படுத்துவிடும். எண்ணிக்கை படுத்தால் எட்டுப் பேரும் ஓட்டம் பிடிப்பார்கள். அப்புறம் மஞ்சள் பனியன்தான். அதனால் ரோபோவின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

அதற்குப் பதிலாக, வாராவாரம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையிலிருந்து வருகை எண்ணிக்கையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். எண் இருந்தால்தானே பொய்? எண்ணே இல்லை என்றால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

மறுநாள் காலை வாசலில் தையல்காரம்மா நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார்.

“என் ஆளுங்கள எங்க சார் வச்சிருக்கீங்க?”

“எந்த ஆளுங்கம்மா?”

“போன வாரம் வரைக்கும் தினமும் நூத்தம்பது பேர் வந்தாங்க. இந்த வாரம் அந்த வரியையே காணோம். எதிர்த் தெரு தையல்காரனுக்கு என் ஆளுங்கள வித்துட்டீங்களா?”

“ஐயோ, ஆளை எப்படிம்மா விக்க முடியும்?”

“அதுதான் எனக்கும் தெரியல. கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்னு சொல்றாங்களே! இங்க பாருங்க, ஏற்கெனவே தைக்க வேண்டியது மலையா கிடக்குது. மிஷின் வேற ஒண்ணு ரிப்பேரு. இதுக்கு நடுவுல உங்க வாசல்ல நிக்க எனக்கு நேரமில்ல. என் நூத்தம்பது பேரு எனக்கு வேணும்.”

சொன்ன கையோடு மற்ற ஏழு பேருக்கும் போன் போட்டு, சர்வர் சார் ஆள் கடத்துகிறார் என்று சொல்லிவிட்டார் அந்த மகராசி. மதியத்துக்குள் ஏழு போனும் வந்தன. சர்வர் சார் எண்ணை மறுபடி போட்டார்.

மறைத்தால் சந்தேகப்படுகிறார்கள். சரி, போட்டுவிட்டு மட்டம் தட்டுவோம் என்று அடுத்த திட்டம் தயாரானது. அறிக்கையின் கீழே கைப்பட ஒரு வரி சேர்த்தார்: ‘இந்த எண்ணிக்கையைப் பெரிதாக நம்ப வேண்டாம். இதில் என் திறமை எதுவும் இல்லை.’

அரை மணி நேரத்தில் மெத்தைக்கடைக்காரர் போன் செய்தார். குரல் தழுதழுத்தது.

“சார், இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா? நாலு மெத்தை வித்துட்டாலே நான் தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டுறேன். நீங்க தினமும் நூத்தி நாப்பது பேரைக் கூட்டிட்டு வந்துட்டு, என் திறமை இல்லைங்கறீங்க!”

“அண்ணே, நெஜமாவே இல்லண்ணே.”

“பாத்தீங்களா, மறுபடியும்! கண்ணுல தண்ணி வருது சார்.”

“அந்த நம்பரை நம்பாதீங்கண்ணே, சொன்னாக் கேளுங்க.”

“சொல்லச் சொல்லத்தான் சார் நம்பத் தோணுது.”

அன்று மாலையே மெத்தைக்கடைக்காரர் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கையோடு இழுத்துவந்தார். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இன்னொருவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

“எங்களுக்கு எண்ணிக்கை மேல நம்பிக்கை இல்லாத ஆளுதான் வேணும்,” என்றார் மாஸ்டர்.

அந்த இடத்திலேயே இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். பத்து ஆகிவிட்டது.

அன்று வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மனைவி பத்துப் பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதச் சொன்னாள். விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டு, “அந்தப் பனியனை வேற யாருக்காவது குடுத்துடுண்ணா. மாசக் கடைசி வரைக்கும் பத்து நின்னுட்டா இவர் ஜெயிச்சுட்டாரு,” என்றாள். போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த அந்தச் சிரிப்பு. சர்வர் சார் அந்தத் தாளை நாலாக மடித்தார். இதைவிட அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி வாயை மூடிக்கொண்டு பதினைந்து நாள் ஓட்டினால் போதும். அவ்வளவுதான் பாக்கி. ஓட்டியும் இருப்பார். டாக்டர் கூப்பிட்டுக் கெடுத்தார்.

“கிளினிக்குக்கு வாங்க சார், ஒரு நல்ல சேதி.”

போனார். காத்திருக்கும் அறையில் உட்கார இடமில்லை. கன்னத்தைப் பிடித்தபடி சுவரோரம் நாலு பேர் நின்றார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஒரு போனைக் காதிலும் இன்னொரு போனைத் தோளிலும் வைத்துக்கொண்டு, “நாளன்னைக்குத்தான்மா நேரம் இருக்கு,” என்று இரண்டிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், வலி வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டே சர்வர் சார் உள்ளே நுழைந்தார்.

“ரெண்டாவது நாற்காலி வாங்கறேன் சார்!” என்றார் டாக்டர். “பேங்க்ல கடன் கேட்டிருக்கேன். உங்க அறிக்கையைத்தான் காட்டினேன். நூத்தி நாப்பத்தி நாலைப் பாத்ததும் மேனேஜர் எந்திரிச்சுக் கை குடுத்தாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்து.”

சர்வர் சாருக்கு அங்கேயே பல் வலிக்க ஆரம்பித்தது. வராத ஆளுக்கு நாற்காலி. அதுவும் கடன் வாங்கி. ரோபோவுக்கு ஏதுங்க பல்?

“அவசரப்படாதீங்க டாக்டர்…”

“நீங்க அடக்கமா பேசுவீங்கன்னு மெத்தைக்காரர் சொல்லிட்டாரு. போங்க சார், போய் வேலையைப் பாருங்க.”

இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினார். கிடங்கில் ஒரே டயரை இரண்டு முறை எண்ணிவிட்டால் என்ன செய்வோம்? கழிப்போம். திங்கட்கிழமை ஒவ்வொருவர் எண்ணிலிருந்தும் நூற்று நாற்பத்து நான்கைக் கழித்து, உண்மையான எண் இதுதான் என்று அனுப்பிவிட்டார்.

பல் டாக்டருக்கு முந்தின நாள் 144. கழித்ததும் பூஜ்யம்.

தையல்காரம்மாவுக்கு 151. கழித்ததும் ஏழு.

மெத்தைக்கடைக்காரருக்கு 133. கழித்தால் மைனஸ் பதினொன்று வந்தது.

இந்த இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. இருபது வருடத்தில் மைனஸ் டயர் எதையும் அவர் பார்த்ததில்லை. சேதாரத்தையும் தாண்டிய வித்தியாசம். கிடங்காக இருந்தால் பூட்டியிருப்பார். ஆனால் குற்றவுணர்ச்சி பிடித்து ஆட்டும்போது மனிதன் எதை ஒழுங்காகப் பார்க்கிறான்? ‘ரோபோ பதினோரு தடவை கண்ணசந்திருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்படியே எழுதினார். கணக்கைத் திருத்தி எழுதும் பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். மனைவிக்கு அன்று மதிய ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தாள். மற்ற ஏழு பேர் மெத்தைக்கடைக்காரரின் போனில், ஸ்பீக்கரில் இருந்தார்கள்.

“மைனஸ் பதினொன்னுன்னா என்ன சார் அர்த்தம்?” மெத்தைக்கடைக்காரர் தாளை ஆட்டினார். “வராதவங்கன்னா ஊர்ல எல்லாரும்தான் வரல. அதென்ன குறிப்பா பதினோரு பேரு? ஒரு கிரிக்கெட் டீமே என் கடைக்கு வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துச்சா?”

“எனக்குப் பூஜ்யம்,” என்றார் டாக்டர். “நேத்து நானே ரெண்டு தடவை திறந்து பாத்தேனே சார். நான்கூடவா கணக்குல இல்ல?”

“எனக்கு ஏழுதான்,” என்றார் தையல்காரம்மா. “ஆனா இவங்களுக்கு அதுவும் இல்லைங்கறதுல ஒரு ஆறுதல்.”

ஸ்பீக்கரில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசியது யாருக்கும் புரியவில்லை.

மெத்தைக்கடைக்காரர் நல்ல மனிதர். சர்வர் சாரின் முகத்தைப் பார்த்ததும் இரக்கப்பட்டுவிட்டார். “இத பாருங்க சார், கம்ப்யூட்டர்னா ஆயிரம் கோளாறு வரும். தப்பா அடிச்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பழைய நம்பரைப் போட்டுடுங்க. நாங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கோம்.”

சர்வர் சார் மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாதக் கடைசிக்கு நான்கே நாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் பத்து பத்தாகவே நிற்கும்.

“கம்ப்யூட்டர் தப்பு இல்லண்ணே,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. “நான்தான் தப்பு.”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ரோபோ, பத்து நிமிடம், ஆறு பெருக்கல் இருபத்து நான்கு. தாளில் போட்டும் காட்டினார். ஸ்பீக்கரில் இருந்த ஏழு பேரும் அப்போதுதான் முதல் தடவையாக அமைதியானார்கள்.

“அப்ப வந்தது பூரா ரோபோவா?” என்றார் டாக்டர்.

“ஆமா டாக்டர்.”

“ஆனா கிளினிக்குல கூட்டம் நெஜமாவே அதிகமாயிருக்கே சார்.” ஒரு கணம் யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. “அப்படின்னா அது முழுக்க என் கைராசி!”

“அதானே!” என்றார் மெத்தைக்கடைக்காரர். “என் மெத்தையில ஒரு தடவை படுத்தவன் நாலு பேர்கிட்ட சொல்லாம இருப்பானா? இதுக்குப் போய் நான் இவருக்கு மாசா மாசம் கட்டிக்கிட்டிருக்கேன்.”

“என் தையலுக்குத்தான் வர்றாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் தையல்காரம்மா. ஏழு பேருக்காகச் சண்டை போட வந்தவர் இப்படிச் சொன்னார்.

மூன்று பேரும் மாறி மாறித் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டார்கள். அப்புறம் சர்வர் சாரைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்தார்கள்.

“ஒழுங்கான ஆளுன்னு நெனச்சேன் சார்,” என்றார் மெத்தைக்கடைக்காரர். “அந்த அடக்கத்தைப் பாத்து அழுதேனே, அந்தக் கண்ணீரை என்ன பண்றது?”

மதியத்துக்குள் பத்துப் பேரும் கணக்கை முடித்துக்கொண்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக விலகினார். சேர்ந்து பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை என்பதால் எப்படி விலகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சர்வர் சாரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

“அந்த வாட்ச்மேன் கதை இதுதானா?”

“ம்.”

“பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க.”

“ம்.”

அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுல எனக்குப் பெருமைதான். நெஜமா.” அவருக்குக் கண் கலங்கியது. ஒருவேளை மனசு மாறிவிட்டாளோ என்று ஒரு நப்பாசையும் எட்டிப் பார்த்தது.

“ஆனா பத்துன்னா பத்துதான்,” என்று எழுந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சர்வர் சார் பம்புக் கடையில் இருந்தார். பனியன் வயிற்றில் பிடித்தது. மச்சான் அளவெடுத்தது முதுகை மட்டும்தான்.

“வாங்க மாப்ள, இதான் உங்க நாற்காலி,” என்றார் மச்சான். “யாராவது முதுகைப் பாத்துட்டுக் கேட்டா பதில் சொல்லணும். பதில் தெரியலைன்னா திரும்பி நின்னுக்கணும். அவ்வளவுதான் வேலை.”

“திரும்பினா மறுபடியும் முதுகுதானே மச்சான் தெரியும்?”

“அப்ப வேற யாராவது வருவாங்க மாப்ள, பயப்படாதீங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பம்பு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை அதே தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. எல்லா வெப்சைட்டும் போய்விட்டன, சர்வர் காலி. ஆனால் அந்த ரோபோ மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து காலி வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்குமே! இருபது வருடம் கிடங்கு பூட்டியவர், ஒரு கதவைத் திறந்துபோட்டுவிட்டு இருக்க முடியுமா?

ரோபோ கம்பெனியின் உதவி எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். ஒரு பெண் எடுத்தாள். நல்ல மரியாதையான குரல்.

“வணக்கம் சார், சொல்லுங்க.”

“என் சேவையை நிறுத்தணும்மா.”

“ஏன் சார், எங்க சேவையில ஏதாவது குறையா?”

“குறையே இல்லம்மா. ரொம்ப நல்ல ரோபோ. ஒரு நாள் லீவு போடல. அது வேலையை அது பண்ணுச்சு, நான்தான் கெட்டுப்போனேன். ஒரு மாசமா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகுது. இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“கொஞ்சம் இருங்க சார், உங்க கணக்கைத் திறந்து பாக்கறேன்.”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. கடை வாசலில் யாரோ ஒருவர் வந்து நின்று அவர் முதுகைப் படிக்க ஆரம்பித்தார். சர்வர் சார் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“சார்,” என்றாள் அவள், “நீங்க ஒண்ணாம் தேதி பதிவு பண்ணதோட சரி, உறுதிப்படுத்தச் சொல்லி நாங்க அனுப்பின மெயிலை இன்னைக்கு வரைக்கும் திறக்கவே இல்ல, அதனால எங்க ரோபோ ஒரு தடவைகூட உங்க சைட்டுப் பக்கம் வந்ததில்லையே!”